பிறந்த ஊரில் தங்க ஒரு விசா

பணி ஓய்வுக்குப் பிறகு வெளிநாட்டில் போய்த் தங்க விரும்புகிறவர்களுக்கென்று பல நாடுகள் தனியாக ஒரு விசா வைத்திருக்கின்றன. வயது இவ்வளவுக்கு மேல் இருக்க வேண்டும், கையில் இவ்வளவு பணம் இருக்க வேண்டும், அங்கே வேலைக்குப் போகக் கூடாது என்பதுதான் அவற்றின் சாரம். 2023ஆம் ஆண்டில் அப்படி ஒரு விசாவுக்காக நானும் காகிதம் சேர்த்தேன். அந்த விவரத்தை எழுதச் சொல்லி நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எழுதுகிறேன். கணக்கு வழக்கோடு வேறு சிலதும் சேர்ந்து வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது கோத்தகிரியில். பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து 2018ல் ஓய்வு பெற்றேன். பிறந்தது 1960ல் இலங்கையில், ஹட்டனுக்குப் பக்கத்தில் டிக்கோயாவில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். தாத்தா முசிறிப் பக்கத்திலிருந்து கங்காணியோடு போனவர். அப்பாவும் அம்மாவும் அங்கேயே பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்தவர்கள். 1948ல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு இடம் இல்லாமல் போயிற்று. 1964 அக்டோபர் 30ஆம் தேதி சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும் என்று முடிவானது. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். 1973ல் எங்களுக்கு நாள் வந்தது. எனக்கு அப்போது 13 வயது.

அக்கா என்னைவிட 9 வயது மூத்தவள். 1971லேயே பக்கத்துத் தோட்டத்தில் கல்யாணம் ஆகிப் போய்விட்டாள். மாமா குடும்பத்துக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்திருந்தது. அதனால் அவள் அந்த நாடு, நாங்கள் இந்த நாடு. ஹட்டன் ஸ்டேஷனில் எங்களை வழியனுப்ப வந்தவள், கைக்குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதது இன்றும் கண்ணில் நிற்கிறது. அங்கே ரயிலைக் கோச்சி என்போம். அந்த நாளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னார் போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வந்துவிட்டது. தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. இங்கே இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக அரசாங்கம் போட்ட தேயிலைத் தோட்டத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை கிடைத்தது. அங்கே எங்களை இந்தியாக்காரர் என்றார்கள். இங்கே பள்ளிக்கூடத்தில் என் பெயர் 'சிலோன்காரப் பையன்'.

அப்பாவும் அம்மாவும் அக்காவை மறுபடி பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தார்கள். நான் முதல்முறை திரும்பிப் போனது 2011ல், மாமா இறந்தபோது. 38 வருடம் கழித்துப் பார்க்கிறேன். அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தேன். அப்போதே மனதில் ஒன்று விழுந்துவிட்டது. ஓய்வு பெற்றதும் அக்கா பக்கத்தில் போய் இருக்க வேண்டும், எத்தனை வருடம் கிடைக்கிறதோ அத்தனை வருடம்.

ஓய்வு பெற்ற கையோடு கொரோனா வந்தது. அது முடிந்ததும் 2022ல் இலங்கையில் பொருளாதார நெருக்கடி, பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நாள்கணக்கில் வரிசை. அதெல்லாம் ஓரளவு அடங்கிய பிறகு, 2023ல் மகனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் பெங்களூரில் கணினி வேலையில் இருக்கிறான். "வெளிநாட்டுல தங்கணும்னா எல்லா நாட்டையும் பாத்துட்டு முடிவு பண்ணலாம்ப்பா" என்று ஒரு பட்டியல் போட்டுக் கொண்டுவந்தான். அவன் வேலை அப்படி.

அந்தப் பட்டியலைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். தாய்லாந்தில் 50 வயது முடிந்திருந்தால் போதும். வங்கியில் 8 லட்சம் பாட் இருக்க வேண்டும், அப்போதைய கணக்கில் நம் பணம் 19 லட்சம் போல. அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். போலீஸ் சான்று, மருத்துவச் சான்று, பெரிய தொகைக்கு மருத்துவக் காப்பீடு. போன பிறகு 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்துக்கு நம் விலாசத்தைத் தெரிவித்துக்கொண்டே இருக்க வேண்டும். மலேசியாவின் திட்டம் பெயர்பெற்றது. ஆனால் 2021ல் விதியை மாற்றி, மாதம் 40,000 ரிங்கிட் வருமானமும் 10 லட்சம் ரிங்கிட் வைப்புத்தொகையும் கேட்டார்கள். 40,000 ரிங்கிட் என்றால் நம் பணம் மாதம் 7 லட்சம். அந்தக் கட்டத்தை மகனே சிவப்பில் அடித்துவிட்டான்.

இலங்கையின் திட்டத்துக்கு 'மை ட்ரீம் ஹோம்' விசா என்று பெயர். 55 வயது தாண்டிய வெளிநாட்டவருக்கானது. அந்த நாட்டு வங்கியில் 15,000 டாலர் வைப்பு வைக்க வேண்டும். அதுபோக ஒவ்வொரு மாதமும் வெளிநாட்டிலிருந்து 1,500 டாலர் வரவழைத்துக் காட்ட வேண்டும். மனைவியையும் சேர்த்தால் அவளுக்குத் தனியாக மாதம் 750 டாலர். இரண்டு வருடத்துக்குக் கொடுப்பார்கள், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

"மூணுல இதுதான் டெபாசிட் கம்மி. ஆனா மாசாமாசம் அனுப்பறதுதான் ஜாஸ்தி" என்றான் மகன்.

எனக்கு மூன்றெல்லாம் இல்லை, ஒன்றுதான் என்று அவனுக்கும் தெரியும்.

கணக்குப் போட்டேன். 15,000 டாலர் அப்போது சுமார் பன்னிரண்டரை லட்சம் ரூபாய். பணிக்கொடையில் மிச்சம் வைத்திருந்ததை எடுத்தால் ஆகும். 1,500 டாலர் என்றால் மாதம் ஒண்ணேகால் லட்சம். என் பென்ஷன் 54,000. மனைவியையும் சேர்த்தால் ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரம். இந்தப் பணம் கட்டணம் இல்லை, நம் பணம்தான், அங்கே நம் செலவுக்குத்தான். ஆனால் மாதம் தவறாமல் போயாக வேண்டும். அதோடு அந்த அக்டோபர் முதல், வருடத்துக்கு 7 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால் வங்கி 20 சதவீதம் வரியாகப் பிடித்துவைக்கும் என்று அப்போது விதி இருந்தது. வருமான வரிக் கணக்குக் காட்டித் திரும்பப் பெறலாம் என்றாலும் அதுவரை அந்தப் பணம் முடங்கும்.

"மாசம் 70,000 நான் போடறேன்ப்பா" என்றான் மகன். அவனுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அவன் சொன்னதும் மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்கிவிடப் போகிறது என்று எழுந்து போனாள்.

அன்றிரவு என் மனைவி கேட்டாள். "ஏங்க, என்னைச் சேத்தா 750 டாலர் கூடன்னு போட்டிருக்காங்களே. நான் இங்கேயே இருந்துக்கட்டுமா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. அவளுக்கு ஊர் மேட்டுப்பாளையம். இலங்கையில் என்னையும் என் அக்காவையும் தவிர அவளுக்கு யார்? 36 வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவள், ஒரு பட்டியலில் தன் பெயருக்கு நேரே ஒரு தொகையைப் பார்த்துவிட்டுத் தன்னைக் கழித்துக்கொள்ளப் பார்க்கிறாள். "அப்படியெல்லாம் பேசாதே, ரெண்டு பேரும்தான்" என்றேன். சொன்னேனே தவிர, அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

இருந்தாலும் காகிதம் சேர்ப்பதை நிறுத்தவில்லை. ஆசை அப்படி. பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகப் போலீஸ் சான்று வாங்கினேன். திருமணப் பதிவுச் சான்று, பென்ஷன் ஆணை, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் தயார். பிறப்புச் சான்றிதழ்தான் இல்லை. அக்காவின் மகன் பிரதேச செயலகத்துக்கு இரண்டு மூன்று நடை நடந்து அதன் பிரதியை எடுத்து அனுப்பினான்.

63 வயதில் முதல்முறையாக என் பிறப்புச் சான்றிதழைப் பார்க்கிறேன். அப்பாவின் பெயர், பிறந்த இடம், இனம் என்று வரிசையாக இருந்தது. இனம் என்ற இடத்தில் 'இந்தியத் தமிழர்'. அதற்குக் கீழே ஒரு கட்டம். பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் எழுதச் சொல்லிக் கேட்கிறது. அதில் ஒரு சின்னக் கோடு மட்டும் இழுத்திருந்தார்கள். தாத்தா முசிறியில் பிறந்தவர் அல்லவா? அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு பேர் கொண்ட எங்கள் குடும்பம் கோச்சி ஏறியதற்குக் காரணம் அந்தக் கட்டம்தான்.

இந்த நேரத்தில் ஒரு தரகர் போனில் கிடைத்தார். "ஐயா, நீங்க யோசிக்க வேணாம். முதல் மாசம் சல்லிய அனுப்புங்க, கணக்குல விழுந்ததும் வேற வழியா உங்களுக்கே திருப்பி அனுப்பிருவோம். அதே சல்லிதான் மாசாமாசம் சுத்தும்" என்றார். அங்கே பணத்துக்குச் சல்லி என்று பெயர். முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் பார்த்து எழுதாதே என்று சொல்லிவிட்டு, இந்த வயதில் ஓர் அரசாங்கத்துக்குப் பொய்க்கணக்கு காட்டி, மாட்டினால் அக்கா ஊரில் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பதா? வேண்டாம் என்று போனை வைத்துவிட்டேன். இப்படி யாராவது உங்களிடம் சொன்னால் நீங்களும் வைத்துவிடுங்கள்.

2023 நவம்பரில் இந்தியர்களுக்கு 30 நாள் விசாவைக் கட்டணமில்லாமல் கொடுக்க ஆரம்பித்தார்கள். மனைவிதான் சொன்னாள். "முதல்ல ஒரு மாசம் போய் இருந்து பாப்போம். அப்புறம் டெபாசிட் போடலாம்." இந்த விஷயத்தில் யாராவது என்னிடம் யோசனை கேட்டால் நான் முதலில் சொல்வதும் அதுதான்.

2024 ஜனவரியில் கொழும்பில் இறங்கினோம். மறுநாளே பத்தரமுல்லையில் இருக்கும் குடிவரவுத் திணைக்களத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் நன்றாகத் தமிழ் பேசினார். என் மகள் வயதுதான் இருக்கும். பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"ஐயா பிறந்தது டிக்கோயாவா?"

"ஆமாம்மா."

"அப்ப எதுக்கு இந்த விசா? முன்னாள் இலங்கையர் எண்டா வேற வழி இருக்கே. எப்ப பிரஜாவுரிமை விட்டீங்க?"

நான் விடவில்லை, எனக்கு இருந்ததே இல்லை என்றேன். 1973ல் போனோம் என்று சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் எழுந்து உள்ளே போய் மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்தார். முன்பு பிரஜையாக இருந்து அதை இழந்தவர்களுக்கு இரட்டைக் குடியுரிமை கேட்க வழி இருக்கிறது. 2003ல் ஒரு சட்டம் வந்து, 1964லிருந்து அங்கேயே நிரந்தரமாக இருந்துவிட்ட இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் குடியுரிமை கொடுத்தது. இந்தியப் பாஸ்போர்ட் வாங்கியும் கப்பல் ஏற முடியாமல் தங்கிவிட்டவர்களுக்குக்கூட அதில் விடிவு கிடைத்தது. நான் இந்த இரண்டிலும் வர மாட்டேன். பிறந்தபோது எந்த நாட்டுக்காரனும் இல்லை, பிறகு இந்தியன். ஆகவே எனக்கு இருப்பது ஒரே வழி, 55 வயது தாண்டிய வெளிநாட்டவர்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க ஐயா. இதுல பிறந்த இடத்துக்கு எண்டு ஒரு கட்டமும் இல்ல" என்றார். விண்ணப்பத்தைக் கையில் கொடுத்து, எந்தெந்தக் காகிதத்துக்கு எத்தனை பிரதி என்று பொறுமையாகச் சொன்னார். அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மறுநாள் காலையில் கொழும்புக் கோட்டையில் கோச்சி ஏறினோம். ஹட்டனில் இறங்கும்போது சிவனொளிபாத மலைக்குப் போகிற கூட்டம் ஸ்டேஷன் நிறைய. அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அவள் இருப்பது இப்போது லயத்தில் இல்லை. இந்திய அரசாங்கத்தின் உதவியில் தோட்டத்து மக்களுக்குக் கட்டிக் கொடுத்த தனி வீடுகளில் ஒன்று. 7 பேர்ச் நிலம், 550 சதுர அடி வீடு. ஊரில் அதற்கு இந்தியன் வீடு என்று பெயர். உடம்புக்கு முடியாமல் போனால் அவள் போவது டிக்கோயா ஆஸ்பத்திரி. அதுவும் இந்திய உதவியில் கட்டி 2017ல் நம் பிரதமர் வந்து திறந்தது. "பாத்தியா தம்பி, நீ இந்தியாவுக்குப் போனே, இந்தியா எங்கிட்ட வந்துருச்சு" என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்த ஒரு மாதம் நன்றாகத்தான் போயிற்று. குளிர் எங்களுக்குப் பழகியது, கோத்தகிரி அதைவிட உயரம். விடியற்காலையில் தேங்காய் ரொட்டியும் சம்பலும். நான் படித்த தோட்டத்துப் பள்ளிக்கூடம், காசல்ரீ நீர்த்தேக்கம் எல்லாம் பார்த்தோம். நாங்கள் இருந்த லயத்தில் அந்தக் காம்பராவைக் கண்டுபிடித்தேன். வேறு யாரோ இருக்கிறார்கள். உள்ளே கூப்பிட்டுப் பிளேன்டீ கொடுத்தார்கள். ஹட்டன் டவுனில் வாடகைக்கு ஒரு வீடுகூடப் பார்த்துவைத்தேன். மனைவி அக்காவோடு சேர்ந்து கீரை ஆய்ந்துகொண்டு பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தபோது, எப்படியாவது இந்த விசாவை வாங்கிவிட வேண்டும் என்றுதான் இருந்தது.

ஒருநாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு காகிதங்களைப் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு விண்ணப்பத்தை எழுத உட்கார்ந்தேன்.

"என்னா தம்பி இது, கணக்கப்பிள்ளை மாதிரி காயிதத்தைப் பரப்பிக்கிட்டு?" என்றாள் அக்கா.

அதுவரை அவளிடம் பண விவரம் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். மாதம் 1,500 டாலர் என்றதும், இலங்கைக் காசுக்கு எவ்வளவு என்று கேட்டாள். நாலே முக்கால் லட்சம் போல வரும் என்றேன். பக்கத்தில் அவள் மருமகள் உட்கார்ந்திருந்தாள். அவள் கொழுந்து பறிக்கப் போகிறவள். அப்போது ஒரு நாள் பேருக்கு ஆயிரம் ரூபாய். மாதம் 25 நாள் போனால் 25,000. நான் ஒரு மாதத்துக்குக் காட்ட வேண்டிய தொகையை அவள் சம்பாதிக்க 19 மாதம் மலையேற வேண்டும். அவள் மனதுக்குள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. ஒன்றும் பேசாமல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்.

"இம்புட்டுச் சல்லியும் யாரு குடுக்குறா?"

"பாதிக்கு மேல மகன் தரேங்கிறான்."

"அவன் புள்ளைங்க படிக்கல?"

"படிக்குதுக."

"சரி. எனக்கு 73 ஆகுது. நா ரெண்டு வருசத்துல செத்துப் போயிட்டேன்னு வையி. அப்பறம் நீயும் இந்தப் புள்ளையும் ஹட்டன் டவுன்ல யாரப் பாத்துக்கிட்டு இருப்பீங்க?"

என் மனைவியைக் காட்டித்தான் 'இந்தப் புள்ளை' என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. ஒரு வருடமாக டெபாசிட், டாலர், வரி, காப்பீடு என்று எல்லாவற்றையும் யோசித்திருந்தேன். இதை யோசிக்கவில்லை. நான் போக நினைத்தது ஒரு நாட்டுக்கு இல்லை, ஒரு மனுஷிக்கு. அவள் இல்லாவிட்டால் அந்த ஊரில் நான் டாலர் காட்டித் தங்கியிருக்கும் ஒரு வெளியூர்க்காரக் கிழவன்தான். அதைவிட, நான் முதலில் போய்விட்டால் என் மனைவி அங்கே யார்? என் விசாவை ஒட்டி வந்தவள். சொந்தபந்தம், பிள்ளை, பேரன் எல்லாம் கடலுக்கு இந்தப் பக்கம்.

"வருசத்துக்கு ரெண்டு தடவ வா. ஒவ்வொரு தடவையும் ஒரு மாசம் இரு. அது போதும் எனக்கு" என்றாள் அக்கா. பிறகு, ஏதோ ஞாபகம் வந்ததுபோல, "என்னைய ஒருதரம் கூட்டிட்டுப் போயி அப்பா அம்மாவப் பொதைச்ச எடத்தக் காட்டுறியா?" என்றாள்.

50 வருடமாக இதை அவள் கேட்டதே இல்லை. நானும் கூப்பிட்டதில்லை. கல்யாணம், பிரசவம், கலவரம், சண்டை, பிள்ளைகள் என்று ஓடிவிட்டது. குடியுரிமை கிடைத்தவள் என்று பெயர்தான், பாஸ்போர்ட் என்று ஒன்றை அவள் எடுத்ததே கிடையாது. நான் திரும்பத் திரும்ப என் பிறந்த ஊரைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்தேன். கடைசி வாரத்தில் அக்காவைக் கண்டிக்கு அழைத்துப் போய்ப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தோம். போட்டோ எடுக்கும்போது சிரிக்கக் கூடாது என்றதற்கு அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொழுந்து கிள்ளித் தேய்ந்த விரல், மூன்றாவது தடவைதான் ரேகை விழுந்தது.

2024 மே மாதம் மகனோடு விமானத்தில் திருச்சி வந்து இறங்கினாள். வழியில் முசிறியில் வண்டியை நிறுத்திக் காவிரியைக் காட்டினேன். "தாத்தா இத விட்டுப்புட்டா வந்தாரு?" என்றாள். கோத்தகிரியில் ஒரு மாதம் இருந்தாள். அப்பா அம்மா சமாதிக்குப் போன அன்று, டிக்கோயாவிலிருந்து கொண்டுவந்த தேயிலைத்தூளில் பிளேன்டீ போட்டு ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டாள். இரண்டு டம்ளரில் ஊற்றி இரண்டு மேட்டுக்கும் முன்னால் வைத்தாள். ஹட்டன் ஸ்டேஷனில் அழுத மாதிரி அழுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அழவில்லை. மேட்டில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிக்கொண்டு, வீட்டு நடப்பு எல்லாவற்றையும் அம்மாவிடம் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஓய்வு விசா பற்றிக் கேட்பவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல நான்கு விஷயம் உண்டு. டெபாசிட் தொகையைப் பார்த்து மயங்காதீர்கள். மாதாமாதம் என்ன காட்ட வேண்டும் என்பதைப் பாருங்கள், அதைக் கடைசி வரை நம் வருமானத்திலேயே காட்ட முடியுமா என்று பாருங்கள். மனைவிக்கு அங்கே சொந்தமாக நிற்க இடம் இருக்கிறதா, நம்மை ஒட்டித்தான் இருக்கிறாளா என்று கேளுங்கள். இரண்டு பேருக்கும் வயது இருந்தால், தனித்தனியாக விண்ணப்பிக்க முடிகிற நாட்டில் அப்படிச் செய்வது நல்லது. பென்ஷனுக்கு வருடாவருடம் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும், அங்கிருந்து அதை எப்படிச் செய்வது என்று கிளம்புமுன்பே கருவூலத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் சாதாரண விசாவில் ஒரு மாதம் போய் இருந்து பாருங்கள்.

இந்த விசா யாருக்கும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. கையில் தாராளமாக இருந்து, புது ஊரில் நிம்மதியாக வாழ ஆசைப்படுகிறவர்களுக்கு அது நல்ல ஏற்பாடுதான். அவர்களுக்காகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். நான்தான் அதனிடம் வேறு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த விண்ணப்பம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழும் அதோடுதான் இருக்கிறது. டெபாசிட்டுக்கு என்று எடுத்துவைத்த பணத்தில் அக்காவின் பயணம் போக மீதியைத் தனியாகப் போட்டுவைத்திருக்கிறேன், வருடத்துக்கு இரண்டு தடவை டிக்கட்டுக்கு.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல்நாள் சாயங்காலம் அக்காவோடு ரோட்டோரத் தோட்டம் ஒன்றின் பக்கமாக நடந்தேன். ஒரு செடி அருகே நின்று, இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளிப் பார்த்தாள். வாது ஒன்றை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"கவ்வாத்து பிந்திப் போச்சு தம்பி. வெட்டச் சொல்லு, தழைச்சிரும்" என்றாள்.